நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

இரத்தினசிங்கத்தின் கடைக்கும் என் மருந்துக்கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவன் பக்கம் யாராவது பலமாகத் தும்மினால் என் பக்கம் பனடோல் மாத்திரைத் தட்டு அதிரும். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவன் சொன்னது, மற்றப் பாதி அந்தச் சுவர் சொன்னது.

அவனுடையது ‘கொமினிகேசன்’. போர்க்காலத்துத் திருகோணமலையில் தெருவுக்கு ஒன்று அப்படி இருந்தது. தொலைபேசி பேசலாம், அடையாள அட்டையைப் பிரதி எடுக்கலாம், கனடாவில் இருக்கும் மகனுக்கு ஈமெயில் அனுப்பலாம். இவனிடம் இரண்டு கணினிகள், ஒரு பிரதி இயந்திரம், ஒரு காற்றாடி. காற்றாடி பிரதி இயந்திரத்துக்கு. வாடிக்கையாளர்கள் வேர்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அவனைத் துணிந்தவன் என்று சொன்னால் அவனே சிரிப்பான். பயந்தாங்கொள்ளி. ஆனால் தன் பயத்தை வேட்டியை மடிப்பது போல ஒழுங்காக மடித்து வைத்திருந்தவன். கிணற்றடியில் குளிக்கும்போதும் அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பான். தொலைபேசியில் ஆட்களின் பெயர் சொல்லமாட்டான். மனைவி தவமலருக்கு ஒன்றும் சொல்லமாட்டான். “தெரியாத ஒண்டைக் கேட்டு அடிச்சாலும் சொல்ல ஏலாது அண்ணை. அவவுக்கு நான் குடுக்கக்கூடிய பாதுகாப்பு அது ஒண்டுதான்” என்பான். எனக்கு எரிச்சலாக இருக்கும். பெண்டாட்டிக்கு ஒன்றும் தெரியாமல் வைத்திருப்பதும் ஒரு பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறேன். பிரதி இயந்திரத்தைத் துடைக்கப் போய்விடுவான்.

இரண்டாயிரத்து ஏழு தொடக்கத்தில் அந்தப் பக்கங்கள் வந்தன.

அதற்கு முந்திய ஆண்டு சம்பூர்ச் சனம் எறிகணைச் செல்லடியில் ஊரை விட்டுக் கிளம்பியது. கால்நடையாகத் தெற்கே போய், வாகரையில் மாதக்கணக்காகக் கிடந்து, அங்கேயும் இருக்க முடியாமல் மட்டக்களப்பு அகதி முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தது. திருகோணமலைப் பக்கம் இருந்த உறவினர்களுக்கு யார் உயிரோடு, யார் இல்லை என்று தெரியாது. மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்துப் பையன்கள் கூடாரம் கூடாரமாகப் போய்ப் படம் எடுத்து, குடும்பத்துக்கு ஒரு பக்கமாகச் செய்து, ஒரு சீடியில் போட்டார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்தக் குடும்பத்தின் முகாம் எண். பக்கத்தில் ஒரு படம், கீழே சொந்தக்காரருக்குச் சொல்ல விரும்புவது இரண்டு வரி. யாராவது செத்தாலோ முகாமை விட்டுப் போனாலோ அவருடைய பக்கத்தை எடுத்துவிடுவார்கள். இதை இணையத்தில் போடவில்லை. போட்டால் பார்க்கக் கூடாதவர்களும் பார்ப்பார்கள்.

சீடியைக் கொண்டுவந்தவன் லொறிக்கார ஜெமீல். ஓட்டமாவடியிலிருந்து அரிசி ஏற்றி வருபவன். மூட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தான். எத்தனையோ கடை இருக்க, ஏன் இந்தப் பயந்தாங்கொள்ளியிடம் கொடுத்தான் என்று கேட்டேன்.

“பயந்த ஆள்தான் பத்திரமா வைப்பார் அண்ணன்” என்றான் ஜெமீல். அவன் கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

இரத்தினசிங்கம் சீடியைக் கணினிக்குள் பிரதி எடுத்துவிட்டு, அதைத் துண்டு துண்டாக உடைத்துக் குப்பையோடு எரித்தான். அதன் பிறகு ஒருவர் ஒருவராகச் சனம் வந்தது. பக்கங்கள் கணினிக்குள்ளேயே கிடந்தாலும், இணையம் பார்க்கிற அதே பிரவுசரில்தான் திறக்கும். மேலே இருக்கிற நீளக் கட்டத்தில் எண்ணைத் தட்டினால் முகம் வரும். வந்தவர்களில் பலர் இப்போது, இந்த நிமிடம், மட்டக்களப்பைத்தான் பார்க்கிறோம் என்று நினைத்தார்கள். ஒரு கிழவர் திரைக்கு முன்னால் நின்று தன் மகளுக்குக் கை காட்டினார். நாங்கள் யாரும் அவரைத் திருத்தப் போகவில்லை.

சம்பூர்க் கமலாதேவி வாரம் தவறாமல் வருவாள். செல் விழத் தொடங்கிய நாளில் அவள் காய்ச்சலோடு நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கணவன் சின்னராசா ஊரில். திரும்பிப் போக வழி இல்லாமல், சாம்பல்தீவில் தாயின் தங்கையான சிறியதாயின் வீட்டில் தங்கிவிட்டாள். அவன் போனானா, இருக்கிறானா, ஒரு செய்தியும் இல்லை. அவனுக்கு மாடுகள் உண்டு. மாட்டுப் பட்டியை விட்டு ஒரு கலியாண வீட்டுக்கே போகாத மனிதன் ஊரை விட்டுப் போயிருப்பானா என்பதுதான் அவளுடைய பயம்.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொண்ணூறாம் ஆண்டில் அவளுடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஓர் இராணுவ முகாம் வாசலில் போய்க் கேட்டாள். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த நாளும் நின்றாள், அடுத்த மாதமும் நின்றாள், வருடக்கணக்கில் நின்றாள். “இல்லை எண்டா பிறகேன் கதவைப் பூட்டி வைச்சிருக்கினம்?” என்று என் கடையில் வைத்து ஒருநாள் கேட்டாள். தம்பி வரவில்லை. ஆனால் அவள் அந்த ‘இல்லை’யை ஒருநாளும் நம்பவில்லை. மனிதர் சொல்கிற இல்லையை நம்பாத பெண் அவள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதத்தில் ஒருநாள் சிப்பாய்கள் கடைகளைச் சோதிக்க வந்தார்கள். கூடவே கணினி தெரிந்த ஓர் அதிகாரி. இரத்தினசிங்கம் இதை எதிர்பார்த்து, அதற்கு முதல் வாரமே பக்கங்கள் கிடந்த இடத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தான். கணினியில் அவனுக்கென்று ஒரு வாசல், கடவுச்சொல்லோடு. வாடிக்கையாளருக்கு வேறொரு வாசல். அவன் வாசலால் போனால்தான் இனிப் பக்கங்கள் திறக்கும். ஆனால் ஒன்றை மறந்துபோனான். வாடிக்கையாளர் வாசலில் முன்பு திறந்த பக்கங்களின் முகவரிகள் பிரவுசரின் ஞாபகத்தில் அப்படியே இருந்தன.

அதிகாரி உட்கார்ந்தான். முகவரிகளைக் கண்டான். ஒன்றைத் தட்டினான்.

இரத்தினசிங்கம் திரையைப் பார்த்தபடி நின்றான். ‘திறக்க உனக்கு அனுமதி இல்லை’ என்று திரையில் வந்தால் போதும். அனுமதியை அவனிடம் அடித்து வாங்குவார்கள். ஆனால் வந்தது வேறு. ‘கோப்பு இல்லை’ என்று ஆங்கிலத்தில் வந்தது. கீழே சின்ன எழுத்தில், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள், கோப்பு இடம் மாறியதா, பெயர் மாறியதா, அழிக்கப்பட்டதா என்று பாருங்கள் என்றும் இருந்தது. அதிகாரி இன்னும் இரண்டு தட்டினான். அதே பதில்.

“என்ன இது?”

“கலியாண வீட்டுப் படங்கள் சேர். சீடியில வந்தது. அவையள் திருப்பிக் கொண்டு போயிட்டினம்.”

அதிகாரி எழுந்து போய்விட்டான். கோப்பு இருக்கிறது, பூட்டித்தான் கிடக்கிறது என்று சொல்ல வேண்டிய பிரவுசர், கோப்பே இல்லை என்று சொல்லிவிட்டது. அதைச் செய்தவர்கள் எந்த ஊரில் இருந்துகொண்டு இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்களோ, எனக்குத் தெரியாது. அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் போலும். திருகோணமலையில் இரண்டும் ஒன்றில்லை.

இரத்தினசிங்கத்துக்கு அது கடவுள் செய்த உதவியாகப் பட்டது. அந்த முகவரிகளை அழிக்காமல் அப்படியே விட்டான். அழித்தால் ஏன் அழித்தாய் என்பார்கள். விட்டால் இயந்திரமே பதில் சொல்லிக்கொள்ளும். பூட்டின கதையை எவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் இல்லை, தவமலருக்கும் இல்லை. ஆட்கள் வந்தால் தானே உட்கார்ந்து தன் வாசலால் திறந்து காட்டினான்.

பங்குனியில் ஜெமீல் இரண்டாவது சீடியைக் கொண்டுவந்தான். புதிதாகப் பதிந்தவர்கள். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சின்னராசா இருந்தான். தாடி வளர்ந்து, கண் குழிந்து, ஆனால் அவனேதான். படத்துக்குக் கீழே அவன் சொல்லியிருந்த இரண்டு வரி:

‘கமலா, நான் இருக்கிறன். மாடு போனாப் போகட்டும், நீ அங்கயே இரு. தேடி வராதை.’

திங்கட்கிழமை இரத்தினசிங்கம் சாம்பல்தீவுக்குத் தொலைபேசி எடுத்தான். கமலாதேவியின் அயல்வீட்டில்தான் தொலைபேசி. அவனுடைய வழக்கப்படி பேர் இல்லை, ஊர் இல்லை. “பக்கத்து வீட்டில நிக்கிறவவிட்ட, நீங்கள் கேட்ட சாமான் வந்திருக்கு எண்டு சொல்லுங்கோ. நம்பர் நானூற்றுப் பன்னிரண்டு. புதன்கிழமை வரச் சொல்லுங்கோ.” அவளுக்கு விளங்கும். விளங்கியது. சிறியதாய் பிறகு சொன்னாள், அன்று அவள் சாப்பிட்டாளாம், பாட்டுக்கூட முணுமுணுத்தாளாம்.

புதன்கிழமை விடியச் சிப்பாய்கள் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள்.

இரத்தினசிங்கத்தின் வீடும் என் வீடும் அந்தச் சின்னத் தெருவில்தான். ஆண்களையெல்லாம் விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் இருத்தினார்கள். ஒவ்வொருவராக, முகமூடி போட்ட ஆள்காட்டி உள்ளே இருந்து பார்க்கும் ஒரு வாகனத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். இரத்தினசிங்கம் என் பக்கத்தில் இருந்து மண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தான். வழக்கமாகச் சுற்றிவளைப்பில் அவன் மரம் போல இருப்பான்.

“என்ன, இஞ்சி திண்ட குரங்கு மாதிரி அந்தரப்படுறாய்?” என்றேன்.

“இண்டைக்கு ஒரு ஆள் கடைக்கு வருவா அண்ணை.”

“வந்தா கடை பூட்டியிருக்கும். திரும்பிப் போயிட்டு நாளைக்கு வருவா.”

“பூட்டியிருக்காது. தவமலர் திறப்பா. மூடின கடை எண்டா சந்தேகப்படுவாங்கள், என்ன நடந்தாலும் திற எண்டு நான்தான் சொல்லி வைச்சனான்.”

“அப்ப என்ன பிரச்சினை? அவ காட்டட்டும்.”

அவன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் பூட்டுக் கதையை மெதுவாகச் சொன்னான். எழுந்து போக முடியாத இடத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்டேன். வெயில் ஏறிக்கொண்டே போனது.

கடையில் நடந்ததைத் தவமலர் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் சொல்லுவாள், ஒரு சொல் கூடாமல் குறையாமல்.

கமலாதேவி நேரத்தோடு வந்தாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள். “அக்கா, நானூற்றுப் பன்னிரண்டு” என்றாள். தவமலருக்குச் சாமான் என்ன என்று தெரியாது, ஆனால் சனம் எண் சொல்வதும் முகம் வருவதும் பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது வாடிக்கையாளர் வாசல் ஒன்றுதான். பிரவுசரைத் திறந்து, பழைய முகவரி ஒன்றை எடுத்து, கடைசி எண்ணை மட்டும் மாற்றித் தட்டினாள்.

கோப்பு இல்லை.

மறுபடி தட்டினாள். இல்லை. கமலாதேவி எழுந்து வந்து தானே எழுத்துக் கூட்டி வாசித்தாள். இடம் மாறியதா, அழிக்கப்பட்டதா.

“திங்கக்கிழமை இருந்தது எண்டு சொன்னவர்” என்றாள்.

“இண்டைக்கு இல்லை எண்டு காட்டுது தங்கச்சி.”

“அப்ப எடுத்துப் போட்டினம்.”

வேறு ஏதாவது எண்ணைத் தட்டியிருந்தால் அதற்கும் இல்லை என்றே வந்திருக்கும். எல்லாமே இல்லை என்றால் ஏதோ பிழை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் தன் புருஷனின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவள் அடுத்தவர் எண்ணை ஏன் தட்டப் போகிறாள்?

அவள் அழவில்லையாம். கதிரையில் இருந்து யோசித்தாளாம். திரை மட்டக்களப்பை நேரே காட்டுகிறது என்று நம்பியவர்களில் அவளும் ஒருத்தி. செத்தால் எடுப்பார்கள், முகாமை விட்டுப் போனால் எடுப்பார்கள். திங்கட்கிழமை உயிரோடு இருந்த மனிதன் இரண்டு நாளில் சாக என்ன இருக்கிறது? அவன் முகாமை விட்டுக் கிளம்பிவிட்டான். எங்கே போவான்? அப்போது முகாம்களிலிருந்து ஆண்கள் ஒளித்து வந்து மாடு தேடுகிறார்கள் என்ற கதை ஊர் முழுக்க இருந்தது. மாட்டை விட்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போகாதவன்.

“அவர் பட்டிக்குப் போயிட்டார் அக்கா. அங்க முழுக்க வெடி புதைச்சிருக்காம். நான் போய் மறிக்க வேணும்.”

“அவர் வரட்டும் தங்கச்சி, கேட்டுப் போட்டுப் போங்கோ.”

“வந்து என்ன சொல்லப் போறார்? மெஷினே சொல்லிப் போட்டுது.”

முகாம் வாசலில் துவக்கோடு நின்றவன் சொன்ன இல்லையை வருடக்கணக்காக நம்பாதவள், இதை உடனே நம்பினாள். இயந்திரத்துக்குப் பொய் சொல்ல என்ன தேவை? அதற்கு மேலிடம் இல்லை, பயம் இல்லை. நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன். அதை நினைக்க எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் நேரே இறங்குதுறைக்குப் போய், குடாவுக்கு அக்கரையில் சம்பூர்ப் பக்கம் இருக்கும் மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகில் ஏறினாள்.

எங்களைப் பின்னேரம்தான் விட்டார்கள். இரத்தினசிங்கம் வீட்டுக்குப் போகாமல் கடைக்கு ஓடினான். தவமலர் சொல்லி முடிக்கும் முன்னரே இறங்குதுறைக்கு ஓடினான். பயத்தினால் தெருவில் ஒருநாளும் ஓடாதவன், ஓடுகிறவனைத்தானே சுடுவார்கள். அன்று ஓடினான். துறையில் லோஞ்சும் இல்லை, அடுத்த நாள் வரை வேறு லோஞ்சும் இல்லை. மூதூரில் அவனுக்குத் தெரிந்த ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொலைபேசியில் பேர் சொல்லிக் கத்தினான். “கமலாதேவி! சம்பூர்க் கமலாதேவி! மறியுங்கோ, அவர் மட்டக்களப்பிலதான் இருக்கிறார்!”

கடைக்காரர் தேடினார். அதற்குள் அவள் மாடு தேடப் போகிற இரண்டு பேரோடு சேர்ந்து நடந்துவிட்டாள். அடுத்த நாள் காலை, சம்பூர் வயல்களுக்கு இந்தப் பக்கத்துப் பற்றைக் காட்டுக்குள் அவள் மிதிவெடியில் கால் வைத்தாள். கூடப் போன இருவரும் பின்னால் வந்ததால் தப்பினார்கள். அவளை மாட்டுவண்டியில் மூதூருக்குக் கொண்டுவந்தார்கள், உயிர் வரவில்லை. இரத்தினசிங்கம் போய்க் கொள்ளி வைக்க ஆள் பார்த்து, எல்லாம் முடித்துவிட்டு வந்தான். வந்த பிறகு என் கடைக்குள் வந்து, மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் இருந்து அழுதான். நான் கதவைச் சாத்தினேன்.

சின்னராசாவுக்குச் செய்தி ஜெமீல் மூலம் போனது. மட்டக்களப்பிலிருந்து சனத்தைப் பஸ்களில் ஏற்றி மூதூர்ப் பக்கத்து முகாம்களுக்குக் கொண்டுவரத் தொடங்கிய பிறகு ஒருநாள் அவன் நகரத்துக்கு வந்தான். படத்தில் இருந்ததை விட மெலிந்திருந்தான். நான் என் கடையை விட்டு அங்கே போய் நின்றேன். இரத்தினசிங்கத்தைத் தனியே விடப் பயமாக இருந்தது.

“என்ர பக்கத்தை அவ பார்த்தவவா?” என்றுதான் முதலில் கேட்டான்.

ஓம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. இரத்தினசிங்கம் சொல்லவில்லை. அவனைக் கதிரையில் இருத்தி, முதலில் தன் வாசலால் திறந்து அவனுடைய முகத்தைக் காட்டினான். பிறகு வாடிக்கையாளர் வாசலால் போய் அதே எண்ணைத் தட்டினான்.

“என்ன எழுதியிருக்கு?” என்றான் சின்னராசா. அவனுக்கு ஆங்கிலம் தெரியாது.

“அப்படி ஒண்டு இல்லை எண்டு.”

“இப்பதானே காட்டினீங்கள்? இருக்குதே?”

“இருக்கு. நான் பூட்டி வைச்சனான். பூட்டியிருக்கு எண்டு அது சொல்லியிருக்க வேணும். இல்லை எண்டு சொல்லிப் போட்டுது.”

சின்னராசா திரையில் இருந்த அந்த ஆங்கில வரியை விரலால் தொட்டான். அவன் கத்துவான், அடிப்பான் என்று நான் எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

“பூட்டியிருக்கு எண்டு சொல்லியிருந்தா அவ போயிருக்க மாட்டா” என்றான். “பூட்டின கதவுக்கு முன்னால எத்தனை வருசமும் நிப்பா. அது அவவுக்குப் பழக்கம்.”

பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் போனான். அதன் பிறகு அவன் அந்தக் கடைக்கு வந்ததில்லை.

அன்றைக்கே இரத்தினசிங்கம் பூட்டை எடுத்தான். எந்த வாசலால் வந்தாலும், யார் தட்டினாலும் பக்கங்கள் திறக்கும்படி செய்தான். தவமலரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தான். நான் அவனுக்கு ஏசினேன். “உனக்கு விசரா? நாளைக்கே வந்து நிப்பாங்கள். உன்னை மட்டுமில்லை, அவவையும் சேர்த்துத்தான் கொண்டு போவாங்கள்.”

“வரட்டும் அண்ணை” என்றான்.

யாரும் வரவில்லை. போர் முடியும்வரை ஒரு சிப்பாயும் அந்தக் கணினியில் கை வைக்கவில்லை. ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள், என் கடையைக் கூடக் கிளறினார்கள், அவன் கடை வாசலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் உள்ளே வராமல் போகும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது. பிடிபட்டிருந்தாலாவது அந்தப் பூட்டுக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும்.

அவன் கணினிக்கு முன்னால் உட்காருவதை விட்டுவிட்டான். பிரதி இயந்திரத்தோடு நின்றுகொண்டான். பக்கங்களைத் தவமலர் காட்டினாள். ஊர் திரும்பியவர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. போர் முடிந்து சில வருடத்தில் கடையை மூடும் நாளன்று, அதை எடுத்துவிடட்டுமா என்று தவமலர் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. நான் எழுந்து அங்கே போனேன். அவள் வாடிக்கையாளர் வாசலால் போய் எண்ணைத் தட்டினாள், ஒரு நொடியில் திறந்தது. தாடி வளர்ந்த முகம், கீழே அந்த இரண்டு வரி. கமலா, நான் இருக்கிறன். மாடு போனாப் போகட்டும், நீ அங்கயே இரு. தேடி வராதை.